வேகம்தான் காரணம்

"வேகம்தான் காரணம், ஆரின். வண்டியில ஒரு குறையும் இல்ல."

வான்ஸ் இதைச் சொன்னபோது நசுங்கிக் கிடந்த ஜீப்பைத்தான் பார்த்தார். ஆரினின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆரினின் மகன் டாலின் போய் ஒன்பது நாள். மலைப்பாதை வளைவில் ஜீப் உருண்டது. போலீஸ் 'அதிவேகம்' என்று ஒரே வரி எழுதி, வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஊரில் இருப்பது ஒரே பட்டறை. நேற்று ஆரின் வண்டியை அங்கே இழுத்துவந்து, என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லி வான்ஸிடம் விட்டிருந்தார்.

"என் பையனா வேகமா ஓட்டுவான்? சர்ச்சுக்குப் போற கிழவிங்கள்லாம் ஹாரன் அடிச்சு அவனைத் தாண்டிப் போவாங்க. ஊருக்கே தெரியும்."

"இருபத்தாறு வயசு, ஆரின்."

"இருந்தா?"



யூட்டாவின் அந்தச் செம்பாறை ஊரில், பாறைமேல் ஏற வசதியாகத் தனிச் சாமான் மாட்டி வண்டியை உயர்த்தாதவன் இல்லை. டாலினின் ஜீப்பும் மூன்று வாரத்துக்கு முன்புதான் மூன்று அங்குலம் உயர்ந்தது. சாமான் வான்ஸ் கடையில் வாங்கியது. மாட்டியது வீட்டு வாசலில், ஒரு சனிக்கிழமை.

"உசத்தின வண்டி மேடு ஏறி இறங்கினா ஸ்டியரிங் உதறும். பிடிச்சு நிறுத்தவே முடியாது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீ வித்த சரக்கு மட்டம். அதை மறைக்க செத்தவன் தலையில பழியைப் போடற."

"நீயே பாத்துக்க."

பட்டறையில் வேலை பார்க்கும் லூப்பே, உடைந்த ஜன்னல் வழியாகக் கைகளை நுழைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டினாள். இரண்டு ஆண்களும் சிமென்ட் தரையில் படுத்தார்கள். முன் அச்சை இடம் விலகாமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. உதறல் என்றால் முதலில் பார்ப்பது அதன் போல்ட்டைத்தான்.

ஆரின் அதன்மேல் விரலை வைத்தார்.

"இன்னும் பலமா ஆட்டும்மா."

லூப்பே ஆட்டினாள். போல்ட் கல்லாக நின்றது. ஆரின் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏனோ ஒரு பெருமூச்சு வந்தது அவருக்கு.

எழுந்ததும் குரல் மாறிவிட்டது.

"அவன் அம்மாகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? உன் பையன் திமிரெடுத்து ஓட்டிச் செத்தான்னா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

"சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவெச்சுக் கொண்டாந்தியே, அந்தப் பாத்திரம் வாசல்ல இருக்கும். எடுத்துட்டுப் போ. இனி என் வீட்டுப் படி மிதிக்காதே."

ஆரினின் வண்டி தெருமுனை திரும்பும்வரை லூப்பே காத்திருந்தாள்.

"நல்லா நடிச்சீங்க, பாஸ்."

"என்ன?"

"காலையில ஏழு மணிக்கு நான் வந்தப்ப இந்த வண்டிக்குக் கீழதான கிடந்தீங்க? கையில பெரிய ஸ்பேனர் வேற. நேத்தே பாத்துட்டேன், அந்த போல்ட்டு லொடலொடன்னு கிடந்துச்சு. துளை முட்டை மாதிரி நீண்டு போயிருந்துச்சு. இன்னிக்கு மட்டும் எப்படி இறுகிச்சாம்?"

வான்ஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடைப் பேரைக் காப்பாத்த ஒரு செத்த பையன் பேரை நாறடிச்சிட்டீங்க. எட்டு வருஷமா இந்த ஆளுகிட்டயா வேலை பாத்தோம்னு இருக்கு. இந்த வாரத்தோட நான் நின்னுக்கறேன்."

"சரக்குல குறை இல்ல, லூப்பே. வண்டியைத் தரையில இறக்காம, சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்காங்க. எடை இறங்கினதும் பிடி விட்டுடுச்சு. வாசல்ல வெச்சு மாட்டறவங்க பண்ற தப்புதான்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே? இல்ல, சரக்கு மட்டம்னு ஒத்துக்கிட்டாவது தொலைஞ்சிருக்கலாம்."

"ஒத்துக்கிட்டா வக்கீல் வருவான். ஒவ்வொரு போல்ட்டையும் காட்டி, இதை யார் முறுக்கினதுன்னு கேப்பான்."

"கேக்கட்டுமே! உங்களுக்கு என்ன பயம்?"

வான்ஸ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஜீப் உருண்ட அன்னிக்கு மதியம் சாப்பிடப் போனப்ப போனை மேஜையில விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா இந்த வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

பொத்தானை அழுத்தினார். முதலில் காற்று இரைந்தது. ஏதோ லாரி கடந்து போனது. பிறகு, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே டாலின் பேசினான்.

"வான்ஸ் மாமா, ஸ்டியரிங் உதறின உதறல்ல உயிரே போயிடுச்சு. ஓரங்கட்டிக் கீழ படுத்துப் பாத்துட்டேன். குறுக்குக் கம்பி போல்ட்டு லூசு. அந்த சைசு ஸ்பேனர் என்கிட்ட இல்ல. முப்பது மைல்தானே, மெதுவா உருட்டிக்கிட்டே வந்துடறேன், முறுக்கி விட்டுடுங்க. அப்பறம் மாமா... அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. அந்த ஒரு போல்ட்டைத்தான் 'நான் முறுக்கறேன்டா'ன்னு ஆசையா கேட்டு வாங்கி முறுக்கினாரு. அவர் துருவித் துருவிக் கேட்டா, பையன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டான்னு சொல்லிடுங்க."