தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பேச்சியம்மாளைக் காட்டிக் கொடுத்தது கிருஷ்ணம்மாதான் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு.

பொய்யில்லை. முதல் நாள் சாயங்காலம் அவளே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், மருந்து கட்டும் டிரெசர் சிற்றம்பலத்திடம் வத்தி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“பேச்சிக்கு வலது கை மடங்கல சார். கத்தியைத் துணியால கையில கட்டிக்கிட்டு பாலுக்கு மரம் வெட்டுறா. நாளைக்கு டாக்டர் தொரை வர்றாருல்ல, அவரையே பாக்கச் சொல்லுங்க.”

எதிரிக்குக்கூட இப்படிச் செய்யமாட்டார்கள். அதுவும் எந்த நேரத்தில்! ரப்பர் விலை மண்ணைக் கவ்வி, பெக்கோக் பக்கத் தோட்டங்களில் எல்லாம் ஆள் குறைப்பு. கை கால் விளங்காதவர்களுக்கு டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இலவச டிக்கட்டு, ஊருக்கே திருப்பியனுப்ப நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

மற்றவர்கள் அந்த டிக்கட்டுக்குத் தவம் கிடந்தார்கள். பேச்சிக்கு மட்டும் அந்தப் பேச்சே ஆகாது.

காரணம் கிருஷ்ணம்மாவின் இடுப்பில் இருந்தது. மூன்று வயது தனலெட்சுமி.

பெற்றவள் பேச்சி. முதல் இரண்டும் பிறந்த கையோடு போய்விட்டன. இதுவாவது தங்கட்டும் என்று வழக்கப்படி தவிட்டுக்கு விற்றாள். பிள்ளையில்லாத கிருஷ்ணம்மா, சீனக்காரத் தவுக்கே கடையில் கோழிக்கு விற்கிற தவிட்டில் ஒரு படி வாங்கி வந்து பேச்சியின் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்குப் பேர் தனலெட்சுமி!

இது அடுத்தவள் பிள்ளை என்று சாமியை ஏமாற்றுகிற வேலைதான். எல்லா வீட்டிலும் பிள்ளை அன்றைக்கே தாயிடம் திரும்பிவிடும். இங்கே அந்த வாரமே பேச்சியின் புருஷன் காய்ச்சலில் போனான். அவளும் நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. கேட்டு வாங்கினால் சாமிக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். கேட்கவேயில்லை.

கிருஷ்ணம்மா பிள்ளைக் கொட்டகை ஆயா. தாய்மார்கள் மரம் வெட்டப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். பேச்சி தினமும் ரப்பர் பால் வாளியோடு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு திரும்புவாள். அவள் தலை தெரிந்ததுமே கிருஷ்ணம்மா பிள்ளையை உள்ளே தூக்கிப் போய்விடுவாள். பேச்சிக்குக் கிடைப்பது ஒரு சின்ன முதுகு.

அந்த முதுகைப் பார்க்கத்தான், கத்தி கிழித்து விறைத்துப்போன கையோடு எட்டு மாதமாக மரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை தன் இரண்டு விரல்களை நீட்டினார்.

“இறுக்கிப் பிடிக்கச் சொல்லுறார், பிள்ளை” என்றார் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர்.

பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். மூன்று விரல்கள் மடங்கவில்லை.

துரை மேசைமேல் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு, எடு என்று சைகை காட்டினார். நாலு முறை வழுக்கியது. சட்டென்று இடது கையால் எடுத்து நீட்டினாள். துரை தலையை ஆட்டிவிட்டு, ஒரு அடிக்கோலை விரல்களோடு வைத்து அளந்து ஏதோ சொன்னார்.

“நரம்பு அறுந்து போச்சு. இனி எந்தக் காலமும் மடங்காது எண்டு சொல்லுறார். மரம் வெட்ட நீ சரிவரமாட்டாய்.”

“இடது கையால வெட்டுறேன் சார். பழகிட்டேன்.”

“பொய் சொல்லாத, பிள்ளை.”

“பொய்தான் சார். ஆனா பழகிக்குவேன். என்னைக் கப்பல்ல ஏத்திடாதீங்க!”

“ஏன், அங்க உனக்கு ஒருத்தரும் இல்லையோ?”

“அங்க யாருமில்ல சார். இங்கதான்...” மீதியை விழுங்கிவிட்டாள்.

சிற்றம்பலம் துரையிடம் பேசிவிட்டுத் திரும்பினார். “இலேசான வேலை இருந்தால் வைச்சிருக்கலாமாம். இல்லாட்டிக் கப்பல்தான்.”

ஒரு கையை வைத்துக்கொண்டு செய்ய அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை, கொட்டகை ஆயா வேலை. அதில் இருப்பது யார் என்று பேச்சிக்குத் தெரியாதா? கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கண்ணீர் நிற்கவில்லை.

“எங்க போறாய்? கொட்டகை வேலையை உனக்கு எழுதப்போறார். இண்டைக்குக் காலமைதான் காலியானது.”

“காலியா? கிருஷ்ணம்மாக்கா...”

“ஓம். ஆயா வேலை வேண்டாம், மரம் வெட்டுற வேலை தாங்கோ எண்டு ஆபீஸ் கிராணியிட்டச் சொல்லிப்போட்டாள். கை தவறி நீ வெட்டின மரத்தில விழுந்த காயத்தைக் கங்காணி கண்டால் உனக்கு நேரே கப்பலாம், டாக்டர் பார்த்தால்தான் வேற வேலை கிடைக்குமாம். எனக்கே சட்டம் படிப்பிச்சிட்டுப் போறாள்!”

மறுநாள் விடிகாலை கொட்டகை வாசலில் கிருஷ்ணம்மா நின்றாள். தலையில் துண்டு, கையில் வாளி, முகத்தில் அதே கடுகடுப்பு. தூங்கி வழிந்த பிள்ளையைப் பேச்சியின் தோளில் சாய்த்தாள். சாய்த்துவிட்டும் அதன் காலை விட மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பேச்சி பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். “வேணாங்க்கா. நான் தூக்கினா சாமிக்குத் தெரிஞ்சிடும்.”

“அம்மான்னு கூப்பிட்டாத்தானேடி தெரியும்?” என்றாள் கிருஷ்ணம்மா. “பகல் பூரா உன்னைய ஆயான்னு கூப்பிடட்டும்.”