சடையப்பன் கொடுத்த மாத்திரை

"சடையப்பன் அவன் பொண்டாட்டிக்கு மருந்து வச்சிட்டான்யா!"

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த ரோசம்மாள் புருஷனிடம் பொரிந்தாள்.

"விடிஞ்சதும் அவ வாயில மாத்திரயப் போட்டுட்டுத்தான் மில்லுக்குப் போறான். எங்கண்ணால பாத்தேன். அந்த வாயாடி ரத்னா இப்ப பொம்ம மாரி குந்திக்கினு கீறா. பாவி!"

"பாவி, பாவி" என்று சாலமோனும் தலையாட்டி வைத்தான். உள்ளுக்குள் ஜிவ்வென்று ஓர் ஆசை கிளம்பிவிட்டது.

ரத்னா திட்டினால் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை கேட்கும். அறுபத்தேழாம் வருஷம் அவள் கழுத்தில் கழலை வந்தபோது, மெட்ராஸில் கதிர்வீசும் ஏதோ 'கரண்ட்' மருந்தைக் குடிக்கவைத்துக் கரைத்தார்கள். கழலை போயிற்று, வாய் போகவில்லை. பல வருஷம் கழித்து, போன வருஷம்தான் சத்தம் அடங்கியது. இப்போது சித்திரை வெயிலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கி வழிகிறாள்.

கொடுத்துவைத்த மனுஷன்! சாலமோன் அன்று சாயங்காலமே சடையப்பனை அவன் வீட்டு வாசலில் மடக்கினான்.

"அண்ணாத்தே, அந்த மாத்திரயில எனக்கும் ரெண்டு குடேன். நம்ம ஊட்லயும் ஒரே பேஜாரு."

சடையப்பன் முழித்தான். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட பைத்தியமே! வாய அடக்கவா மாத்திர குடுக்கறேன்? அன்னிக்குக் குடிச்ச மருந்து கழலையக் கரைச்சுது. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா கழுத்துல கீற சுரப்பியே வேல செய்யாம போயிடுச்சாம். பல பேருக்கு இப்டி ஆவுமாம். அதான் இந்தக் குளிரு, தூக்கம் எல்லாம். ஆயுசுக்கும் தெனம் ஒரு மாத்திர போட்டா பழையபடி ஆயிடுவான்னு டாக்டர் சொன்னாரு. ஒரு மாசமா குடுத்துக்கினு வரேன்."

"பழையபடியா?" சாலமோன் அரண்டு போனான். "இன்னா அண்ணாத்தே, கம்முனு வுட வேண்டியதுதானே?"

சடையப்பனின் சிரிப்பு நின்றது.

"ஒரு வருஷமா என்னத் திட்ட ஆளில்லடா. சோறு எறங்கல."

உள்ளேயிருந்து ஒரு குரல் வெடித்தது.

"யோவ்! அங்க இன்னாய்யா வெட்டிப் பேச்சு? ஊட்ல பொட்டுத் தண்ணி இல்ல, தொரைக்கு அரட்ட கேக்குதா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சடையப்பன் லாட்டரி விழுந்தவன் மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

"திட்றாடா சாலமோன்! எம் பொண்டாட்டி திட்றாடா!"