சற்றுக் கூடுதல் பச்சை

நெடுஞ்சாலைச் சந்திப்பொன்றில் நொடி பிசகாத கடிகாரம் ஒன்று விளக்குகளை ஆண்டுவந்தது. சாலையைக் கடக்க எவர் வந்து நின்றாலும் பச்சைக்கு இருபது நொடிதான். ஒருநாள் பணியாளர்கள் அதனருகே ஒரு புதுப் பெட்டியைப் பொருத்தி, “இனி முடிவெடுப்பது இதுதான். மாலையில் கடிகாரத்தைக் கழற்றிவிடலாம்” என்று சொல்லிப் போனார்கள்.

அந்நேரம் ஒரு வாத்து, குஞ்சுகளோடு சாலையோரம் வந்து நின்றது.

“குஞ்சுகள் ஓரளவு நிறைய. நடை ரொம்ப மெதுவு. வண்டிகளோ கொஞ்சம்தான். ஆகவே, பச்சை சற்றுக் கூடுதலாக எரியட்டும்!” என்றது பெட்டி.

“இதெல்லாம் ஒரு கணக்கா, தம்பி?” என்று சிரித்தது கடிகாரம்.

பச்சை எரிந்தது, வாத்து இறங்கியது. பதினெட்டாம் நொடியில் பச்சை விளக்கு பதறியது: “சற்றுன்னா எத்தனை நொடி? யாராவது சொல்லுங்களேன்!”

“சற்றுன்னா… கொஞ்சம் கூடுதல்!” என்றது பெட்டி. வாய் திறப்பதில்லை என்றுதான் கடிகாரம் வீம்பாக இருந்தது. நடுச்சாலையில் கடைசிக் குஞ்சு தடுமாறியதும், “இருபத்தேழு!” என்று கத்திவிட்டது.

இருபத்தாறாம் நொடியில் குஞ்சு கரையேறியது.

மாலையில் பணியாளர்கள் திருகுளியோடு வந்தார்கள். “அண்ணன் போனால் நானும் போகிறேன்” என்றது பெட்டி. அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்கள்.

“இப்போது நிம்மதிதானே, அண்ணே?”

“ஓரளவு” என்றது கடிகாரம்.