சூடேறிய பறை

'ஒரே ஓர் அடி விழுந்தால் போதும், உள்ளே இருக்கிற எல்லாருக்கும் கேட்டுவிடும்' என்று நினைத்தபடியே செல்லாயி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

கொட்டகைக்கு எதிரே ரப்பர்ச் சருகைக் கூட்டித் தீ மூட்டி, ஒருவர் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே நீங்க?"

"காம்பார் பக்கத்துத் தோட்டம். மாயாண்டின்னு பேரு. உங்க கங்காணிதான் ஆள் விட்டாரு. ஐயாவுன்னு ஒருத்தரு விடியக்காலம் செத்துட்டாராமே? நீ ஆஸ்பத்திரி ஆயாவா?"

"ஆமா. இங்க அடிக்க வேணாம்ணே."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈப்போ நகரத்தையே படுக்க வைத்த விஷக்காய்ச்சல் திரும்பி வந்திருந்தது. நோயாளிகளை லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிரித்து இந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது செல்லாயியின் வேலை. பின்னறையில் ஓர் உடல் துணி போர்த்திக் கிடப்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் யாருக்கோ பறை அடித்தபோது, இங்கே கிடந்த கருப்பம்மாள் காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும், "அடுத்தது நாந்தான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம் கஞ்சியைத் தொடவே இல்லை. அந்த முதுகுதான் செல்லாயியின் கண்ணிலேயே நின்றது.

"அடிக்காம எப்பிடி அனுப்புறது?" மாயாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுஷன் என்ன நாயா, சத்தங்காட்டாமப் பொதைக்க? இத்தன வருஷம் இந்தக் காட்டுல மரம் சீவுனவராம். கடைசியா அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. திருவிழாவில் பறை அதிர்ந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறவர் ஐயாவு. செல்லாயி அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினாள். இப்போது நினைக்க வேண்டியவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவர்கள்.

உள்ளேயிருந்து சீனியின் ஈனக்குரல் வந்தது. "ஆயா! கஞ்சியில உப்பே இல்ல லா!"

"உப்பு வேணும்னா எந்திரிச்சு வந்து போட்டுக்கடா, சீனி! மாமியா வீட்டு விருந்தா இது?" என்று திரும்பிக் கத்தினாள் செல்லாயி.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாத்தீங்களாண்ணே? நேத்து வரைக்கும் கண்ணத் தொறக்காத பய. இன்னிக்கு வம்புக்கு இழுக்குறான். பொழச்சிருவான். உங்க சத்தம் கேட்டா மறுபடி படுத்துருவான்."

மாயாண்டி பறையைத் தீயிலிருந்து விலக்கினார். சூடேறிய தோலை உள்ளங்கையால் தடவியபடி கொட்டகையையே பார்த்தார்.

"நீ சொல்றது நாயந்தான், தாயி. ஆனா கங்காணி குடுத்தனுப்புன வெத்தலபாக்கை வாங்கிட்டேன். ஆயா சொன்னான்னு திரும்பிப் போனா என் தொழிலுக்கு மரியாத இல்ல. வேணாம்னு சொல்லணும்னா செத்தவரு பொண்டாட்டி சொல்லணும். அந்தம்மா எந்த லயத்துல இருக்கு? ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

"எங்கயும் போவ வேணாம்ணே," என்றாள் செல்லாயி, உள்ளே கேட்காதபடி. "நாந்தான் அவரு பொண்டாட்டி. அடிக்க வேணாம்."