இடக்கை நாயகன்

12.4.2025. பழைய காதல் நகைச்சுவைப் படத்தை மீண்டும் எடுத்தவர் அதைக் கெடுத்துவிட்டார் என்பதே தங்கராஜுவின் குறை. எடுத்தவர் அவருடைய மருமகன் தேவன்.

மலேசியாவின் சிரம்பான் திரையரங்க வாசலிலேயே தங்கராஜு பொரிந்து தள்ளினார். "பழைய படத்துல நாயகன் இடக்கைக்காரன், மாப்ள. பந்தியில இடது கையால அள்ளிச் சாப்புடப் போய்த்தானே அந்தப் பொண்ணு சிரிக்குது? நீங்க வலது கையா மாத்திட்டீங்க. இனிமே ஒங்க வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

தேவனின் முகம் வாடியது. தங்கராஜுவின் மனைவி மயிலம்மாள் குறுக்கிட்டார்.

"அதுலயும் வலது கைதாங்க. அப்ப ரப்பர் தோட்டத்துல வெள்ளத்துணி கட்டிப் படம் காட்டுனப்போ, முன்பக்கம் கணக்கெழுதுற கிராணி வீட்டு ஆளுங்க. மரம் வெட்டுற நம்மள துணிக்குப் பின்னாலதானே ஒக்கார வச்சாங்க? அங்கேருந்து பாத்தா இடம் வலமா மாறித்தான் லா தெரியும்."

தங்கராஜு மருமகனின் கையைப் பற்றிக்கொண்டார். மருமகன்மீது இருந்த கோபம் தீர்ந்தது.

வாசகரே, அன்று முன்பக்கம் அமர்ந்து பார்த்தவர் நீங்கள் என்றால், தோட்டத் தொழிலாளர்களான எங்களை ஏன் துணிக்குப் பின்னால் அமர்த்தினீர்கள் என்று சொல்லுங்கள்.