பேக்கப்பில் இருந்த குரல்

ஆராய்ச்சி மாணவி இசபெல்லா, போன வருஷம் இறந்த அப்பா சொன்ன சுரங்கக் கதைகளின் ஒலிப்பதிவுகளைப் பல்கலைக்கழக சர்வரில்தான் வைத்திருந்தாள். இடம் போதாமல், அவளைக் கேட்காமலே சர்வர்காரன் மனோகர் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டான்.

“டிஸ்க் கெட்டுப் பூட்ச்சிம்மா. பேக்கப்லேர்ந்து எடுத்துக் குடுக்கறேன்,” என்றான்.

“உங்க டிஸ்க்குக்கு எங்கப்பாதான் கெடச்சாராண்ணா?”

ஃபோல்டர் திரும்பி வந்தது. சுரங்க ஊரான மாரிகுப்பத்தில், அப்பாவின் வீட்டில் எடுத்த பதிவைப் போட்டார்கள். ஷாஃப்ட் என்ற செங்குத்துச் சுரங்கக் குழிக்குள், கேஜ் என்ற இரும்புக் கூண்டில் முதன்முதலாக இறங்கிய கதையை அப்பா சொல்லி முடித்தார். மனோகர் நிம்மதியாக மூச்சு விட்டான். இசபெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை நிறுத்தப் போனாள்.

“இரு பாப்பா,” என்றது அப்பாவின் குரல். “அந்த மனோகரத் திட்டாத. அவந்தான் அழிச்சான். பயத்துல டிஸ்க் மேல பழி போடறான். பாரு, எப்டி வேர்க்குது.”

இசபெல்லா திரும்பி மனோகரின் நெற்றியைப் பார்த்தாள்.