மூதூர் ஓடர்

தொலைபேசிக்குள் இருந்த பெண் திரும்பவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: இது மிகவும் இலேசான கேக், யாரும் செய்யலாம்.

"அவளுட வாயப் பொத்து புள்ள," என்றார் அலியார்.

ரிஸ்லா பொத்தவில்லை. கோதுமை மாவையும் கொக்கோவையும் ஒன்றாக அரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தட்டு கேக் சுட்டு விற்றவள். கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். இன்றைக்கு மட்டும் ஏனோ அந்த வீடியோவை ஓடவிட்டு, அந்தப் பெண் சொல்லச் சொல்லத்தான் கையை அசைத்தாள்.

மூதூரில் ஒரு நிக்காஹ். அசர் தொழுகைக்குப் பிறகு. வருகிறவர்களுக்குத் தேநீரோடு வைக்க ஒரு பெரிய தட்டு சொக்லேட் கேக்.

ஓடர் வந்த நேரம் தொட்டு அலியார் புறுபுறுத்துக்கொண்டே இருந்தார்.

மூதூரில் அவண் அடுப்பு இல்லையா? கேக் சுடுகிற பெண்டுகள் இல்லையா? கிண்ணியாவில், அதுவும் இந்த வீட்டில் வந்துதான் சொல்ல வேண்டுமா? வேண்டுமென்றே செய்த வேலை. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

அலியார் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. துறைமுகத்தில் மா மூட்டை சுமந்த காலத்தில் சோற்றுப் பார்சலை இடுப்பில் கட்டிக்கொண்டே மூட்டை சுமந்தவர்.

"ஏலாது எண்டு சொல்லிப்போடு. உடம்புக்குச் சரியில்ல எண்டு சொல்லு. அவண் வெடிச்சுப் போச்சு எண்டு சொல்லு."

"ஏலாது எண்டா ஊர் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

அதட்டித் தடுக்கவும் வழியில்லை. வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து ஏறுவான். மகன் அஷ்பாக் மாப்பிள்ளையாக வந்து ஏறினபோது, மனைவியை இழந்து தனியாகக் கிடந்த அலியாரும் பின்னாலேயே வந்து பின்பத்தியில் பாயைப் போட்டார். மகனைப் பெற்றவர் மருமகள் வீட்டில் சோறு தின்கிறார் என்று ஊர் அன்றைக்கே வாயில் போட்டு மென்றது.

ரிஸ்லா எண்ணெயை ஊற்றினாள். சுடுநீரை ஊற்றினாள். கலவை கறுப்பாக, தண்ணீராக ஓடியது.

"சேறு," என்றார் அலியார். "அதுகளுக்கு இது காணும்."

தட்டில் எண்ணெய் பூச அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

அலியார் உப்புப் போத்தலைத் திறந்தார். கை நிறைய அள்ளினார். நிக்காஹ் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் துப்ப வேண்டும். புது வேட்டி, புதுச் சாரி எல்லாவற்றிலும் கறுப்பாகத் துப்ப வேண்டும்.

சட்டிக்கு மேலே அவர் முஷ்டி வந்தபோது, இடையில் அவளுடைய கை விரிந்து நின்றது. கைரேகை முழுக்கக் கொக்கோ.

"அது அவங்கட வாயில விழாது மாமா. என்ட பேரிலதான் விழும்."

அலியார் முஷ்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் உதறினார். உதறிய வேகத்தில் இரண்டு கோப்பைகள் உருண்டன. அவள் அவற்றை நிமிர்த்திவிட்டுக் கலவையைத் தட்டில் ஊற்றினாள்.

கேக் வெந்தது. அந்த மணம் குசினியைத் தாண்டி முன்வாசல் வரை போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாசமாய்ப் போன கேக், இவ்வளவு மணக்க வேண்டுமா?

ரிஸ்லா ஈர்க்கால் குத்திப் பார்த்தாள். ஈர்க்கு சுத்தமாக வந்தது. ஆறவிட்டு, மேலே சொக்லேட் பூசி, வெள்ளை ஐசிங்கால் மூலைக்கொரு பூ வைத்தாள்.

"பூ வேற!"

"கேட்டிருக்காங்க."

ஓரங்களை நேராக வெட்டி, வெட்டிய துண்டுகளை ஒரு பீங்கானில் அவர் பக்கம் தள்ளினாள். அவர் பீங்கானைத் திரும்பித் தள்ளினார். அவள் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டாள். நெடுநேரம் மென்றாள்.

"இனிப்புச் சரி," என்றாள் சுவரைப் பார்த்து.

சுவரில் ஓர் ஆணி இருந்தது. முன்பு ஆம்பிளைச் சட்டைகள் தொங்கிய ஆணி. இப்போது அதில் அவளுடைய ஏப்ரன் தொங்கும்.

வாசலில் ஓட்டோ வந்து கோன் அடித்தது.

ரிஸ்லா தட்டைத் தூக்கப் போனாள். விளிம்பைப் பிடித்தவள் தூக்காமல் அப்படியே நின்றாள். அலியார் அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தட்டைத் தானே தூக்கினார். மா மூட்டையை முதுகில் எறிந்து பழகிய கை, ஒரு பூவும் நசியாமல் வாசல்வரை கொண்டுபோனது. ஓட்டோவின் பின்சீட்டில் வைத்தார். சரியாத மாதிரி, தோளில் கிடந்த துவாயை மடித்து ஒரு பக்கம் அண்டை கொடுத்தார்.

ஓட்டோக்காரன் உள்ளூர்ப் பெடியன். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களும் ஏறுங்களன். மாப்பிள்ளைட வாப்பா இல்லாம என்ன நிக்காஹ்? அஷ்பாக் உங்களக் கையோட கூட்டி வரச் சொன்னவன்."

அலியார் நிமிர்ந்தார். பின்னால் குசினியில் தண்ணீர்க் குழாய் திறந்துகொண்ட சத்தம் கேட்டது. கழுவ ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில்.

"மாப்பிள்ளைட வாப்பா மௌத்து, அடக்கியாச்சு எண்டு போய்ச் சொல்லு," என்றார். "பாலத்தடியில மெதுவா ஓட்டு. கேக் குலுங்கிச்சோ, உன்னைச் சும்மா விடமாட்டன்."